முறுக்கிப் பார்த்து வாங்கிய தகடுகள்

கடைக்காரர் ஷீட்டை எடுத்து மேசைமேல் போட்டதும், அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மெதுவாக முறுக்கிப் பார்ப்பேன். விலை கேட்பது அதற்குப் பிறகுதான். ரிமோட் கார் ஓடும்போது அதன் அடித்தகடு படுகிற பாட்டில் முக்கால்வாசி இந்த முறுக்கல். வலது முன்சக்கரம் கல்லில் ஏறும்போது இடது பின்சக்கரம் பள்ளத்தில் கிடக்கும். தகடு அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது, கொடுத்துவிட்டுப் பழையபடி நேராகிறதா, இதைக் கையால் உணராமல் நான் எந்த ஷீட்டும் வாங்கியதில்லை.

1986-ல் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பேனல் போர்டு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். எங்களுக்கு வேலை கொடுக்கிற இன்ஜினியர் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே டமியா கிராஸ்ஹாப்பர். ஜப்பானில் 1984-ல் வந்த மாடல். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் வாங்கிவந்தது. அடியில் தொட்டி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பாகம் முன்பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து விழுந்ததாம். "பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஏதாவது பண்ணிக் குடுப்பா" என்றார்.

கைக்கு எட்டியது ஹைலம். பேனல் போர்டில் பஸ்பாரைத் தாங்க வைக்கிற பழுப்பு ஷீட். பட்டறை மூலையில் துண்டுதுண்டாகக் கிடக்கும். ஆறு மில்லி கனத்தில் ஒரு துண்டை எடுத்து ஹேக்ஸாவில் அறுத்தேன். ஹைலம் அறுக்கும்போது ஆஸ்பத்திரி வாடை மாதிரி ஒன்று கிளம்பும், அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மோட்டார், கியர் பெட்டி, முன்சக்கர அச்சு எல்லாவற்றையும் அதில் பூட்டிக் கொடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. முன்பக்கத்து நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளும் ஒரே கோட்டில் இருந்தன. அந்தக் கோட்டிலேயே, தபால்தலையைக் கிழித்த மாதிரி, தகடு விட்டுப்போயிருந்தது.

எங்கள் ஃபோர்மேன் துண்டுகள் இரண்டையும் வாங்கி, உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இது பேப்பர் ஹைலம்டா. ஓரத்துல நெசவு தெரியுதா பாரு, தெரியல இல்ல? துணி ஹைலம் எடு. ஓட்டைய ஒரே வரிசைல போடாத, முன்ன பின்ன தள்ளிப் போடு" என்றார். இரண்டுமே ஒரே பிசினில் ஊறியவைதான். உள்ளே இருப்பது காகிதமா துணியா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துணி ஹைலத்தில் பல்சக்கரமே வெட்டுவார்கள், அவ்வளவு அடி தாங்கும். இரண்டாவது தகடு, அந்தப் பையன் காலேஜ் போகும்வரை உழைத்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலைதான்.

அடுத்து அலுமினியம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் கம்பெனி 1984-ல் விட்ட ஆர்.சி.10 காரின் படத்தைப் பழைய பத்திரிகைக் கடையில் ஒரு இதழில் பார்த்தேன். தங்க நிறத்தில் ஆனடைஸ் செய்த அலுமினியத் தொட்டி. பக்கச் சுவர்கள் மேல்நோக்கி மடிந்து, மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதேபோல் ஒன்று செய்யாமல் தூக்கம் வரவில்லை. பாத்திரக்காரர்கள் பயன்படுத்தும் சுத்த அலுமினியத்தில் முதலில் செய்தேன். மடிக்கச் சுகமாக இருந்தது. ஓட்டினால் ஒவ்வொரு மோதலுக்கும் அது புதிதாக ஒரு மடிப்பு மடிந்தது. பிறகு 6061-டி6 கிடைத்தது. விமான பாகம், அச்சு வேலை என்று பேர்போன கலவை. அதை வைஸில் பிடித்து மடித்தபோது வெளிவளைவில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் வந்து, அடுத்த தட்டில் கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் ஃபோர்மேன் சோப்பு வித்தையைக் காட்டினார். மடிக்கவேண்டிய கோட்டில் துணி சோப்பை ஒரு இழுப்பு இழுத்தார். கேஸ் டார்ச்சைத் தகட்டின் பின்பக்கமாகக் காட்டினார். சோப்பு மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கிற நேரத்தில் சட்டென்று தீயை எடுத்துவிட்டார். அலுமினியம் சூடானால் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, உருகுகிறவரை ஒரே வெள்ளைதான். அதனால் சோப்பு கறுப்பதுதான் அதற்குத் தெர்மாமீட்டர். ஆறவிட்டு மடித்தோம், வெண்ணெய் மாதிரி மடிந்தது.

ஆனால் அந்தக் கோட்டில் மட்டும் தகடு தன் உறுதியை இழந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு வண்டி ஒரு செங்கல்லில் முட்டியது. தூக்கி வைத்த மூக்கு, சரியாக அந்தச் சோப்புக் கோட்டில், இன்னும் மேலே தூக்கிக்கொண்டது. அதற்கப்புறம் மடிப்பு வேண்டுமென்றால் 5052 வாங்கப் பழகினேன். குளிர்ந்த நிலையிலேயே மடியும். உள்வளைவைத் தகட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் வெடிக்காது. மடிப்பே இல்லாத தட்டைத் தகடு என்றால் மட்டும் 6061.

அலுமினியத்தின் உண்மையான தொல்லை இது இல்லை. அது வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், கண்ணுக்கும் தெரியாது. ஒருமுறை ஒரு வண்டி நேராகவே போக மறுத்தது, விட்டால் இடதுபக்கம் இழுத்தது. முன்சக்கரத்தைத் திருப்புகிற சர்வோவை மாற்றினேன், ஸ்டீயரிங் கம்பியைத் திருகினேன், டயர் மாற்றினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் தகட்டை அலமாரியின் கண்ணாடிமேல் வைத்தேன். மூன்று மூலை ஒட்டி உட்கார்ந்தது. நான்காவது மூலைக்கு அடியில் தபால் கார்டு தாராளமாக நுழைந்து வெளியே வந்தது. கால் மில்லிதான் இருக்கும். அந்தக் கால் மில்லியால் ஒரு சக்கரம் மற்ற மூன்றைவிட லேசாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எந்த வண்டி இழுத்தாலும் முதல் வேலை கண்ணாடியும் தபால் கார்டும்தான்.

கிளாஸ் எபாக்ஸிக்கு நான் வந்துசேர்ந்தது சென்னை ரிச்சி தெரு வழியாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சர்க்யூட் போர்டு செய்கிற செம்பு பூசிய ஷீட்டை எடை போட்டு விற்பார்கள். பழுப்பாக இருப்பது காகிதப் பிசின், அதை ஹைலத்திலேயே பார்த்தாயிற்று. வெளிர்பச்சையாகக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவது கண்ணாடி இழையும் எபாக்ஸியும். அதை முறுக்கிய முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூலைகளை விட்டதும் 'டங்' என்று நேராகிவிட்டது. மறுபடி முறுக்கினேன், மறுபடி 'டங்'. அலுமினியம் எனக்கு அப்படி ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஒரு சிக்கல், அந்த ஷீட் 1.6 மில்லிதான் கனம். அடித்தகட்டின் கீழே ஸ்க்ரூ தலை துருத்தினால் ஒவ்வொரு கல்லிலும் மாட்டும். அதனால் கவுண்டர்சிங்க் தலை ஸ்க்ரூதான் போடவேண்டும். எம்3 ஆலன் கவுண்டர்சிங்க் ஸ்க்ரூவின் தலை 6 மில்லி அகலம், 1.7 மில்லி ஆழம். 1.6 மில்லி தகட்டில் அதைப் புதைக்கப் போனால் ஓட்டை முழுக்கவே கூம்பாகிவிடும், ஸ்க்ரூ பிடித்துக்கொள்ள நேரான சுவரே மிச்சம் இருக்காது. முதல் மோதலில் தலை ஓட்டைக்குள்ளேயே உருவிக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு ஷீட்டை அராள்டைட் போட்டு ஒட்டி, மேலே கீழே பலகை கொடுத்து, ராத்திரி முழுக்க சி-கிளாம்பில் இறுக்கி 3.2 மில்லியாக்கினேன். அந்தக் கணக்கை இன்றும் விடவில்லை. கவுண்டர்சிங்க் போடவேண்டிய தகடு எந்தப் பொருளானாலும் குறைந்தது இரண்டரை மில்லி, முடிந்தால் மூன்று.

செம்பை ஃபெர்ரிக் குளோரைடில் கரைத்து எடுத்துவிடவேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு பக்கத்துச் செம்பை விட்டுவிட்டேன். 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியின் ஒயர் ஒரு ஸ்க்ரூ ஓரத்தில் உரசித் தோல் உரிந்து, அந்தச் செம்பைத் தொட்டது. இன்னொரு முனை மோட்டார் உடம்பு வழியாக ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தது. கையில் எடுப்பதற்குள் ஒயர் சிவந்து, ஹீட்ஷ்ரிங்க் குழாயெல்லாம் புகைந்தது. வலது கட்டைவிரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. பேட்டரி வைக்கிற இடத்தில் மின்சாரம் கடத்துகிற எதுவும் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று என்னிடம் வருகிற பையன்களிடம் நான் கடுமையாகச் சொல்வது அதனால்தான்.

பிறகு மின்காப்புப் பொருள் விற்கிற கடைகளிலேயே மூன்று மில்லி கிளாஸ் எபாக்ஸி நேரடியாகக் கிடைக்க ஆரம்பித்தது, ஒட்டுகிற வேலை போயிற்று. அறுக்கும்போது பறக்கும் தூசிதான் ஆபத்து. கண்ணாடித் துகள், தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும், மூச்சில் போகவே கூடாது. முகமூடி போட்டு, தகட்டின்மேல் தண்ணீர் சொட்ட விட்டுத்தான் அறுக்கிறேன். முழுக்கைச் சட்டையைத் தனியாகத் துவைப்பேன். சாதாரண டிரில் பிட் பத்து ஓட்டையில் மழுங்கிவிடும். கார்பைடு பிட் வாங்கினால் ஒருமுறைச் செலவோடு போகும்.

ஒரு கணக்கை இங்கே சொல்லியாகவேண்டும். 300 மில்லி நீளம், 120 மில்லி அகலம், 3 மில்லி கனத்தில் ஒரு தகடு வெட்டினால் அலுமினியம் சுமார் 290 கிராம் வரும். கிளாஸ் எபாக்ஸி 200. கார்பன் 165. பாலிகார்பனேட் 130. இரும்பு 850. இதைப் பார்த்ததும் எல்லோரும் இலேசானதைத் தேடிப் போவார்கள். ஆனால் எல்லாம் ஒரே அளவு விறைப்பு இல்லையே. கிளாஸ் எபாக்ஸியின் விறைப்பு அலுமினியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாலிகார்பனேட்டினுடையது முப்பதில் ஒரு பங்கு. அதேசமயம் ஒரு தகடு வளைவதை எதிர்க்கிற சக்தி அதன் கனத்தின் மூன்றாம் படியில் ஏறும். மூன்று மில்லியை நான்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், மூன்று மில்லி அலுமினியத்தின் விறைப்புக்கு கிளாஸ் எபாக்ஸி 4.3 மில்லி வேண்டும், அதன் எடையும் அதே 290 கிராம் பக்கம் வந்து நிற்கும். பாலிகார்பனேட் ஒன்பது மில்லிக்கு மேல் வேண்டும், எடை 400 கிராம். அப்படியானால் எடையில் லாபம் எங்கே? இல்லை. நான் கிளாஸ் எபாக்ஸியைப் பிடித்துக்கொண்டிருப்பது அது இலேசு என்பதற்காக இல்லை, வளைந்தால் திரும்பி வருகிறது என்பதற்காக.

இதில் இன்னொன்றும் உண்டு. தட்டைத் தகடு எதுவானாலும் முறுக்கலில் பலவீனம்தான். அதற்குக் கனம் கூட்டிக்கொண்டே போவது வீண். முன்னே ஒன்று பின்னே ஒன்று தூண் நிறுத்தி, மேலே இரண்டு மில்லியில் ஒரு ஒல்லியான மேல்தட்டு போட்டால் போதும், வண்டி வேறு வண்டி ஆகிவிடும். தூண்களின் ஸ்க்ரூவைத் தளர்த்தியும் இறுக்கியும் எவ்வளவு முறுக வேண்டும் என்பதைக்கூட நாமே வைத்துக்கொள்ளலாம். மண்தரையில் கொஞ்சம் முறுகுகிற வண்டிதான் நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும்.

2010-க்குப் பிறகு லேசர் கட்டிங் கடைகள் தெருவுக்குத் தெரு வந்தன. காலேஜ் பையன்கள் பென் டிரைவில் படத்தோடு போய் அரை மணியில் ஐந்து மில்லி அக்ரிலிக்கை வெட்டி எடுத்து வந்தார்கள். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும். பார்க்க அவ்வளவு அழகு. அவர்களில் ஒருவன் போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு என் பட்டறைக்கு ஓடி வந்தான். மேசையில் வைத்து ஸ்க்ரூ இறுக்கும்போதே ஒரு ஓட்டையிலிருந்து ஓரம்வரை விரிசல் ஓடிவிட்டது. வண்டி தரையைக்கூடப் பார்க்கவில்லை. "அங்கிள், நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு" என்று அழுகிற நிலைமையில் நின்றான். அக்ரிலிக் அப்படித்தான். கிளாஸ் எபாக்ஸி உடைவதற்கு முன்னால் வெளுத்துக் காட்டும், அலுமினியம் கோணிக் காட்டும், அக்ரிலிக் எதையும் காட்டாது. கவுண்டர்சிங்க் ஸ்க்ரூ அதற்குள் ஆப்பு மாதிரி இறங்கும். ராத்திரி பதினொரு மணிவரை இருந்து அவனுக்குக் கிளாஸ் எபாக்ஸியில் வெட்டிக் கொடுத்தேன். அக்ரிலிக் தகட்டை வார்ப்புருவாக மேலே வைத்து ஓட்டைகளைக் குறித்துக்கொண்டோம், அதற்கு அது உதவியது.

பாலிகார்பனேட் பார்வைக்கு அக்ரிலிக்கின் தம்பி, குணத்தில் சம்பந்தமே இல்லை. சுத்தியலால் அடித்தாலும் பள்ளம்தான் விழும். கூரைக்குப் போடுகிற உள்ளே கூடாக இருக்கிற ஷீட் வேண்டாம், கெட்டி ஷீட் கேட்டு வாங்கவேண்டும். லேசரில் போட்டால் ஓரம் பழுப்பாகக் கருகும், ஜிக்சாதான் சரி. இதில் நான் செய்த தவறு ஒன்று. ஸ்க்ரூ கழலாமல் இருக்க நட்டுகளில் திரெட் லாக்கர் சொட்டு விட்டேன், உலோகத்தில் இருபது வருஷமாகச் செய்துவந்த பழக்கம். இரண்டு நாள் கழித்து எடுத்தால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி நுண்விரிசல். இறுக்கத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டை அந்தத் திரவம் தின்றுவிடுகிறது. அசிட்டோன் துணியால் துடைத்தாலும் அதே கதி. அன்றிலிருந்து அதற்கு நைலாக் நட்டு மட்டும்தான்.

கார்பன் ஷீட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பந்தயத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் முதல் வண்டிக்கு வேண்டாம். விலை ஒரு பக்கம், அது மின்சாரமும் கடத்தும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனாவை அதன்மேல் படுக்கவைத்தால் சிக்னல் மறையும், குழாயில் செருகி நிமிர்த்தி நிறுத்தவேண்டும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், லிப்போ பேட்டரியின் மெல்லிய உறையைக் கிழிக்கும். ஓரத்தைத் தேய்த்து, நீர்த்த சூப்பர் குளூ தடவி மூடிவிட்டுத்தான் நான் கொடுப்பேன்.

பாறை ஏறுகிற வண்டிகளுக்கு வேறு கதை. அதன் வயிற்றுத்தகடு கல்லில் உரசி வழுக்கவேண்டும். பாத்திரக்கடையில் விற்கிற வெள்ளை காய்கறிப் பலகை, ஹெச்.டி.பி.ஈ., அதற்கு அருமையான பொருள். சாதாரணப் பசை எதுவும் அதில் ஒட்டாது, ஸ்க்ரூதான் கதி. மொத்த வண்டியையும் அதில் கட்டினால் தொய்யும்.

போன வருஷம் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். கையில் ஆறு மில்லி பிளைவுட் தகடு. பழைய அலமாரி முதுகிலிருந்து அறுத்தது. "இது போதுமா அங்கிள், இல்ல அலுமினியம் வாங்கணுமா?" என்று கேட்டாள். வாங்கி முறுக்கிப் பார்த்தேன். நல்ல மரம், அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. நீளவாட்டில் மேலடுக்கின் ரேகை ஓடியது, அது அவளுக்குத் தெரிந்து செய்ததா தானாக அமைந்ததா என்று கேட்டேன். "குறுக்கால அறுத்தது ஈஸியா வளைஞ்சுச்சு, அதான் இப்படி அறுத்தேன்" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவளிடம் அந்த விறைப்புக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ரேகை வாட்டில் ஆறு மில்லி நல்ல பிளைவுட்டின் விறைப்பு மூன்று மில்லி அலுமினியத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், எடையோ அதில் பாதி. பலவீனம் இரண்டு. ஈரம் ஓரத்தின் வழியாக ஏறும். ஸ்க்ரூவின் அடியில் மரம் நசுங்கும். ஓரத்துக்கு நீர்த்த சூப்பர் குளூ, மேலே இரண்டு கோட்டிங் வார்னிஷ், ஸ்க்ரூவுக்கு அடியில் அகலமான வாஷர். அலுமினியம் வாங்க வைத்திருந்த காசில் நல்ல சர்வோ வாங்கச் சொன்னேன்.

வண்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. போன வாரம் கழற்றி எடுத்து வந்தாள். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தோம், நான்கு மூலையும் உட்கார்ந்தது, தபால் கார்டு எந்தப் பக்கமும் நுழையவில்லை. மோட்டார் பூட்டுகிற ஓட்டைகள் இரண்டு மட்டும் அதிர்வில் நீளவாக்கில் இழுபட்டிருந்தன. அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு மில்லி கிளாஸ் எபாக்ஸியில் தீப்பெட்டி அளவு துண்டு வெட்டி, அராள்டைட் போட்டு ஒட்டி, கிளாம்பில் இறுக்கி வைத்திருக்கிறேன். ஓட்டையை நாளைக்கு அவள் கையாலேயே போடட்டும் என்று கார்பைடு பிட்டையும் முகமூடியையும் மேசையில் எடுத்து வைத்தாயிற்று.